வெள்ளை வட்டம்

பிறருடைய ரத்தத்தில் இருக்கும் பதிலை எடுத்துக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்தி, தன் ரத்தத்திடம் மட்டும் ஒன்றும் கேட்காமல் எத்தனை காலம் இருக்க முடியும்? அவளுடைய வாழ்க்கையை அறிந்தவர்கள் மிகக் குறைவு. அறிந்த இரண்டு மூன்று பேரும் ஒருமுறையாவது இதை மனதுக்குள் கேட்டிருப்பார்கள். நேராக அவளிடமே கேட்டவர் ஒருவர்தான். அவருக்கும் பதில் கிடைக்கவில்லை.

காலை ஆறரை மணிக்கு லேப்பின் இரும்புக் கதவை மேலே தள்ளும்போதே வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். வெறும் வயிற்றோடு வந்தவர்கள், ஆகையால் கோபத்தோடும் வந்தவர்கள். அவளுடைய அறை உள்ளே இடதுபக்கம். கை வைக்கப் பலகை பொருத்திய ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, மூடிகளின் நிறப்படி அடுக்கிய குழாய்கள், அடுத்த கட்டடத்தின் சுவரை மட்டும் காட்டுகிற ஒரு ஜன்னல். அந்த முக்காலியில் அவள் இருபது வருஷம் உட்கார்ந்தாள்.

"வலிக்குமாம்மா?" என்று பெரிய மீசைக்காரர்கள்தான் அதிகம் கேட்பார்கள்.

"வலிச்சா சொல்லுங்க. நிறுத்திட்டு ரெண்டு பேரும் சேர்ந்து அழலாம்."

அவர் சிரிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். நரம்பைக் கண்ணால் தேட மாட்டாள். ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பில் வைத்து, எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொள்வாள். கண்ணுக்குத் தெரிகிற நரம்பு பல சமயம் ஏமாற்றும், விரலுக்குத் தெரிகிறது ஏமாற்றாது என்பது அவளுடைய அனுபவம். பஞ்சை வைத்ததும், "கையை மடக்காதீங்க. நீட்டி வெச்சு அழுத்துங்க. மூணு நிமிஷம். மூணுன்னா மூணு" என்பாள். ஊதா மூடிக் குழாயை எட்டு முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி நிமிர்த்துவாள். பிறகு ஆளையே பெயர் சொல்லச் சொல்லி, அவர் கண்முன்னாலேயே குழாயில் எழுதி ஒட்டுவாள். முன்கூட்டி எழுதி வைப்பதில்லை, பிறகு எழுதலாம் என்று ஒதுக்குவதுமில்லை. பெயர் எழுதாத குழாய் குப்பைக்கு. ஒருமுறை லேப் முதலாளியே தன் ரத்தத்தை வேறு யாரிடமோ எடுத்துக்கொண்டு, சீட்டு ஒட்டாத குழாயைச் சட்டைப்பையில் போட்டு வந்தார். அவர் எதிரிலேயே அதைக் குப்பைக் கூடையில் போட்டாள். முதலாளிக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. அதை அளக்கவும் அவளையேதான் கூப்பிட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அண்ணன் அவளுக்குக் 'கொசு' என்று பெயர் வைத்துவிட்டான். அது எப்படியோ லேப்புக்கும் வந்து சேர்ந்தது. வாசலில் நிற்பவர்கள்கூட, "கொசு அக்கா இருக்காங்களா? அவங்கன்னா எடுத்துக்கறேன்" என்பார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. கொசுவாவது தனக்காக எடுக்கிறது என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

அவர்களுடைய அப்பா பேருந்து நடத்துநர். ஓடுகிற பேருந்தில் எல்லோரும்தான் ஆடுவார்கள், ஆகவே அவர் ஆடியது முதலில் யார் கண்ணிலும் படவில்லை. நின்ற பேருந்திலும் ஆடியபோதுதான் பேச்சு எழுந்தது. தோள் திடீரென்று துள்ளும். கை தானாக எழுந்து, யாரையோ கூப்பிடுவதுபோல நீண்டு, வெட்கப்பட்டு இறங்கும். பயணிகள் மூக்கைச் சுளித்தார்கள். காலை ஏழு மணிக்கே சாராயம் ஏற்றிக்கொண்டு வருகிறான் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். அம்மா ஒவ்வொரு சாயங்காலமும் கதவருகிலேயே அவரை நிறுத்தி வாயை மோந்து பார்ப்பாள். வாடை வராததை அவருடைய பெரிய தந்திரமாக எடுத்துக்கொண்டாள். வேலை போயிற்று. பிறகு கோபம் வந்தது, மறதி வந்தது, கடைசியில் தண்ணீர் குடித்தாலும் புரையேறியது. மருத்துவமனையில் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்னதென்று தெரியாத எல்லாவற்றுக்கும் அந்த நாளில் அதுதான் பெயர். அவர் செத்த நாலாம் வருஷம் அம்மாவும் போனாள். கடைசிவரை அவளுக்கு அவர் குடிகாரர்தான்.

அண்ணன் கண்ணாடி வெட்டுபவன். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, சலூனில் மாட்டும் ஆளுயரக் கண்ணாடிக்கு என்று அவனைத் தேடி வருவார்கள். கட்டரை மண்ணெண்ணெயில் நனைத்து, ஸ்கேலைப் பிடித்து, மூச்சை நிறுத்தி, ஒரே இழுப்பு. 'சர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு மேஜை விளிம்பில் வைத்து ஒரு தட்டு தட்டினால், கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்கும். "ரெண்டாவது தடவை அதே கோட்டுல ஓட்டுனா முடிஞ்சுது. அப்புறம் அது இஷ்டத்துக்குத்தான் உடையும்" என்பான். முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு நாள் அந்தக் கோடு வளைந்தது. கட்டரை மாற்றினான். மேஜைக்கு ஆப்பு வைத்துப் பார்த்தான். அடுத்த வாரமும் வளைந்தது. அவனுடைய தோள் துள்ளுவதை ஒரு மத்தியானம் கடைவாசலில் நின்று அவள் பார்த்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தை உள்ளே வைக்காமலே சற்று நேரம் நின்றுகொண்டிருந்தாள்.

நரம்பு மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். அவளேதான் எடுத்தாள். ஊதா மூடிக் குழாய். தினமும் காலையில் முப்பது நிரப்புகிறாளே, அதே குழாய். பதில் வந்ததும், பெரிய மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் இருக்கிற ஆலோசகரைப் பார்க்க இருவரும் போனார்கள். பரம்பரை நோய்களைப் பற்றிக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் அந்த அம்மாளின் வேலை. குரல் தணிந்தவர், அவசரமில்லாதவர். எதிரே கண்கலங்கினால் காகிதக் கைக்குட்டையை நீட்டாமல், எட்டுகிற தூரத்தில் சும்மா வைத்திருப்பவர்.

நோயின் பெயர் ஹன்டிங்டன் என்றார். அப்பாவுக்கு இருந்ததும் அதுதான் என்றார்.

அண்ணன் நிமிர்ந்தான். "அப்போ எங்கப்பா குடிக்கலையா?"

"குடிச்சாரோ இல்லையோ, ஆடினது இதனாலதான்."

அவன் தங்கையின் பக்கம் திரும்பி, "அப்பா குடிக்கலை கொசு" என்றான். சொல்லிவிட்டு அழுதான். தனக்கு வந்ததைச் சொன்னபோது அழாதவன் அவன்.

ஆலோசகர் காத்திருந்துவிட்டு, ஒரு தாளை எடுத்து வரைந்தபடியே பேசினார். "நம்ம உடம்புல இருக்கற ஒவ்வொரு செய்திக்கும் பெரும்பாலும் ரெண்டு பிரதி உண்டு. அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. சில நோய் ரெண்டு பிரதியும் கெட்டாத்தான் வரும். இது அப்படி இல்லை, ஒண்ணு கெட்டாலே போதும். ஒரு வரியில ஒரே சொல்லை இருபது தடவை எழுதறதுக்குப் பதிலா நாப்பது தடவைக்கு மேல எழுதிட்டா வரி கெட்டுப் போகும் இல்லையா, அந்த மாதிரி. உங்க அப்பாகிட்ட நல்ல பிரதி ஒண்ணு, கெட்டது ஒண்ணு இருந்திருக்கு. பிள்ளைக்கு ரெண்டுல ஒண்ணைத்தான் கொடுக்க முடியும். எது போகும்னு அவர் கையிலயும் இல்லை, யார் கையிலயும் இல்லை. பாதிக்குப் பாதி."

"பாதிக்குப் பாதி" என்றான் அண்ணன். "ரெண்டு பிள்ளையில ஒண்ணு."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா ஒரு காசைச் சுண்டற மாதிரி. முதல்ல என்ன விழுந்துச்சுன்னு ரெண்டாவது தடவை காசுக்கு ஞாபகம் இருக்காது. ரெண்டு பேருக்கும் வந்திருக்கலாம், ரெண்டு பேருக்கும் வராமலும் போயிருக்கலாம். தங்கச்சிக்கு இருக்கா இல்லையான்னு பரிசோதிச்சாத்தான் தெரியும். அதுவும் அவங்க விரும்பினா மட்டும். தெரிஞ்சுக்காம இருக்கறதுக்கும் அவங்களுக்கு உரிமை இருக்கு."

பேசிக்கொண்டே போனவர், ரத்தத்தை ஆராய்ச்சிக்கு மட்டும் கொடுக்கிறவர்களும் உண்டு, அதற்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான், முடிவு கொடுத்தவருக்கே சொல்லப்படாது என்றார்.

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேள்வியைக் கேட்டுட்டுக் காதைப் பொத்திக்கற மாதிரி இல்ல இருக்கு? எவன் கொடுப்பான்?"

"கொடுக்கறாங்க" என்றார் ஆலோசகர்.

ஆனால் அண்ணனுடைய கண் தாளில் இருந்தது. அதில் மேலே ஒரு சதுரமும் ஒரு வட்டமும்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அப்பாவின் சதுரம் கறுப்பு. கீழே இரண்டு. அண்ணனுடைய சதுரத்தைப் பேனாவால் நிரப்பியிருந்தார். அவளுடைய வட்டத்தை, தெரியாததால், சும்மா விட்டிருந்தார். அவன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, நாலாக மடிக்காமல், சுருட்டி எடுத்துக்கொண்டான். படியிறங்கும்போது சொன்னான்: "சதுரம் நான். கறுப்பு. வட்டம் நீ. வெள்ளை. பாதிப் பங்கை நான் மொத்தமா எடுத்துக்கிட்டேன், பாத்தியா?"

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "மெதுவா இறங்கு" என்றாள்.

மறுநாள் அவன் கடைக்குப் போனான். தோள் ஓய்வதற்காகக் காலையெல்லாம் காத்திருந்து, ஓய்ந்த ஒரு கணத்தில், ஒரே இழுப்பில் ஒரு சின்னக் கண்ணாடியை வெட்டினான். நான்கு பக்கமும் நேராக வந்தன. அவன் நேராக வெட்டிய கடைசிக் கண்ணாடி அதுதான். அதற்குப் பின்னால் அந்தத் தாளை வைத்துச் சட்டம் போட்டு, கூடத்தில், தன் கட்டிலுக்கு எதிரே மாட்டினான். ஆணியை அவள்தான் அடித்தாள். அடிக்கும்போது, வெள்ளை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, தெரியவில்லை என்றுதான் அர்த்தம் என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் இரண்டடி பின்னால் நகர்ந்து, தான் செய்த வேலையைப் பார்க்கிற தொழிலாளியின் முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். அந்த நாளை பன்னிரண்டு வருஷம் நீண்டது.

அவன் அதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தான். பால் கொண்டுவருபவரிடம் சொன்னான். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் சொன்னான். "எங்க வீட்டுல பாகப் பிரிவினை சண்டையே இல்லாம முடிஞ்சுடுச்சு சார். எல்லாம் எனக்கு." விழுந்து நெற்றியில் தையல் போட்டு வந்த நாளிலும் இதையே சொன்னான். கோபம் தலைக்கேறித் தட்டை வீசிய நாளிலும், அடங்கிய பிறகு அந்தச் சட்டத்தைப் பார்த்துத்தான் மூச்சு வாங்கினான். துன்பத்துக்கு ஒரு காரணம் கிடைத்தால் மனிதன் அதைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிறான். காரணம் சரியா தப்பா என்பது தோளுக்குத் தெரிவதில்லை. அவள் இதை யோசித்து அறிந்தாள் என்று சொல்ல முடியாது. தினமும் பார்த்து அறிந்தாள். தனக்கும் இருக்கிறது என்று ஒரு நாள் தெரிய வந்தால், அவன் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

ரகசியமாகப் பரிசோதித்துவிட்டு முகத்தை மறைத்துக்கொள்ளலாம் அல்லவா என்றால், அதற்கு இடமில்லை. சாயங்காலம் அவள் கதவைத் திறந்ததிலிருந்து அவனுடைய கண் அவள் முகத்திலேயே இருக்கும். உடம்பு சொன்னபடி கேட்காமல் போகப் போக அவனுக்குப் பார்ப்பது ஒன்றே வேலையாக மிஞ்சியது. "இன்னைக்கு யாரோ அழ வெச்சிருக்காங்க. குழந்தையா?" என்று கேட்பான். குழந்தையாகத்தான் இருக்கும்.

லேப்பிலிருந்து குளிர்ப்பெட்டியில் சாம்பிள்களை வாங்கிப் போகிறவரைப் 'பெட்டிக்காரர்' என்றே எல்லோரும் அழைத்தார்கள். அவளைவிட இரண்டு வயது பெரியவர். பதினோரு மணிக்கு வருவார். கையெழுத்துப் போடுகிற நேரத்தில் ஒரு வார்த்தை. அது மெல்ல இரண்டு வார்த்தையாயிற்று. ஒரு நாள், பெட்டியை மூடாமலே நின்று கேட்டார்.

"உங்க அண்ணன் என்கிட்டயே சொன்னாரு. தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லை, கட்டிக்கிறவன் கொடுத்து வெச்சவன்னு."

"அவன் சொன்னது தப்பு. எனக்கு இருக்கலாம். பாதிக்குப் பாதி."

அவர் பெட்டிக்குள் பார்த்தார். "பரிசோதிச்சுப் பாத்துடலாமே? ஊசி உங்க கையில, பெட்டி என் கையில."

"இருக்குன்னு வந்தா?"

"வந்தா... பாத்துக்கலாம்."

ரத்தம் எடுப்பவர்களுக்கு நொடிகளை எண்ணும் பழக்கம் உண்டு. அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் நாலு நொடி இருந்தது. அதை அவள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசிக்காமல் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

"அண்ணன் இருக்கற வரைக்கும் முடியாதுங்க" என்றாள்.

"நான் இருக்கேன்" என்றார் அவர். இரண்டு வருஷம் இருந்தார். மூன்றாவது வருஷம் வேறு கிளைக்கு மாறிப் போனார். அவருடைய கல்யாணப் பத்திரிகை அடுத்த பெட்டிக்காரரிடம், குளிர்ப்பெட்டிக்குள்ளேயே, வந்து சேர்ந்தது. எடுத்தபோது சில்லென்றிருந்தது. அதைப் பிரித்துப் படித்துவிட்டு, வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அந்த மாதத்தில்தான் அது நடந்தது. மத்தியானம் இரண்டு மணி. லேப்பில் ஆளில்லை. நாற்காலியில், எப்போதும் பிறர் உட்காரும் பக்கம், அவள் உட்கார்ந்தாள். ரப்பர் பட்டையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து இடது கையில் கட்டினாள். விரலை வைத்துத் தலையைச் சாய்த்தாள். தன் நரம்பு எவ்வளவு சுலபமானது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஊதா மூடிக் குழாய் நிரம்பியது. எட்டு முறை திருப்பினாள். சீட்டை எடுத்தாள், பேனாவையும் எடுத்தாள். எழுதவில்லை. குழாயைத் தாங்கியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் பார்த்துவிட்டான். "கையில என்ன பஞ்சு?"

"ரத்த தானம் பண்ணேன்."

"கொசு தானம் பண்ணுதா? உலகம் அழியப் போகுது" என்றான். சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. அவனுடைய கண் சட்டத்துக்குப் போய் அவள் முகத்துக்குத் திரும்பியது. "வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன?"

"அதானே. வெள்ளை வட்டத்துக்கு என்ன வந்துச்சு?"

காலையில் முதல் வேலையாக அந்தக் குழாயைக் கையில் எடுத்தாள். பெயரில்லை. பெயர் எழுதாத குழாய் குப்பைக்கு. முதலாளிக்கே விலக்கில்லாத விதி தனக்கு மட்டும் எதற்கு என்பதுபோல அதைக் கூடையில் போட்டுவிட்டு, கதவை மேலே தள்ளினாள்.

கடைசி மூன்று வருஷம் அண்ணன் கட்டிலோடு இருந்தான். சாப்பாட்டை மசித்து, தண்ணீரையும் பாலையும் கெட்டியாக்கி, நாற்பது நிமிஷம் உட்கார்ந்து ஊட்டுவாள். பேச்சு குழைந்துவிட்டது. பிறருக்கு அது வெறும் சத்தம். அவளுக்கு மட்டும் சொல்லாக வந்து சேரும். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்சம்மா வந்துபோனார். அவர் கிளம்பிய பிறகு வீட்டில் கட்டில் கிரீச்சிடும் சத்தமும் அவர்கள் இருவரும்தான். உடம்பு ஓயாமல் அசைந்ததால் கட்டிலும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊட்டிக்கொண்டிருக்கும்போது, அவன் வாயைத் திறக்காமல் நிறுத்தினான்.

"கொசு. அந்தம்மா சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"எந்தம்மா?"

"வட்டம் போட்ட அம்மா. காசு சுண்டற கதை."

கரண்டி நடுவழியில் நின்றது.

"நான் என்ன முட்டாளா? ஒரே தகட்டுல ரெண்டு கண்ணாடி வெட்டறோம். ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு உடையாதுன்னு எந்தக் கண்ணாடிக்காரனாவது சொல்வானா?"

"அப்போ எதுக்குண்ணா இதை மாட்டினே?"

 சொற்கள் ஒவ்வொன்றாக, கனமான சாமானைப் படியேற்றுவதுபோல வந்தன. "நீ பயந்துட்டு நின்னே. படியில. நீ நம்பறேன்னு நெனச்சேன். நம்பட்டும்னு விட்டேன்."

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொன்னாளா, அல்லது சொல்ல நினைத்தாளா என்பது பின்னாளில் அவளுக்கே தெளிவாக இல்லை. இரண்டு பேருமே நம்பாத ஒன்றை, மற்றவர் நம்புகிறார் என்று நம்பி, அத்தனை வருஷம் ஒரே சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். அதற்கு அவள் கொடுத்த விலை என்ன என்று பெட்டிக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அதையாவது நிச்சயமாக வைத்துக்கொள்ளலாம் என்றால், அதுவும் நிலைக்கவில்லை. மறுநாள் காலையில் நர்சம்மா வந்ததும் அவன் சட்டத்தைக் கண்ணால் காட்டி, எப்போதும் போல, "வெள்ளை... நம்ம கொசு... தப்பிச்சுடுச்சு" என்றான். முகத்தில் அதே பெருமை. ஞாயிற்றுக்கிழமை பேசியவன் உண்மையா, திங்கட்கிழமை பேசியவன் உண்மையா? நோய் ஒருவனுடைய மனதைக் கலைத்துப் போடும்போது, எந்தத் துண்டு அவனுடையது, எந்தத் துண்டு நோயினுடையது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அவளுக்குத் தெரிந்து, அவன் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஒரு காலை வேளையில் அவன் போய்விட்டான். ஐம்பத்தோரு வயது.

கட்டில் அசையாமல் கிடந்தது. அந்த அமைதிக்கு அவள் தயாராக இல்லை. எத்தனையோ வருஷம் அந்தக் கிரீச்சை நிறுத்த எண்ணெய் விட்டு, துணி சுற்றி, செருப்புத் துண்டை முட்டுக்கொடுத்துப் பார்த்தவள், இப்போது லேப்பிலிருந்து வந்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒருமுறை அசைத்துவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குப் போனாள். முகத்தைப் பார்க்க ஆளில்லை. சிரித்த முகத்தோடு வந்தாலும் சரி, அழுத முகத்தோடு வந்தாலும் சரி, ஒன்றுதான். ஒரு குழந்தை கத்திக் கதறிய நாளில், வீட்டுக்கு வந்து, "ஆமா, குழந்தைதான்" என்று வெறும் கூடத்தில் சொல்லிப் பார்த்தாள். சட்டத்தை இறக்கி, கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, அதே ஆணியில் மாட்டினாள்.

அப்பாவுக்கு ஆரம்பித்த வயதை அவள் தாண்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு. தாண்டியதால் தப்பித்தாயிற்று என்று அர்த்தமில்லை, ஐம்பதிலும் அறுபதிலும்கூட வருவதுண்டு என்பது அவளுக்குத் தெரியும். காலையில் ஊசியைக் கையிலெடுத்ததும் ஒரு நொடி அதன் முனையைப் பார்ப்பாள். முனை நிலையாக இருக்கும். அன்றைய நாளுக்கு அதுதான் பதில்.

ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனையின் மூன்றாவது மாடிக்குப் போனாள். ஆலோசகருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணனைப் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு மாத இடைவெளியில் இன்னும் இரண்டு முறை வரச் சொன்னார். பதில் வந்தால் யாரிடம் முதலில் சொல்வீர்கள், அன்றைக்கு யார் வீட்டில் இருப்பார்கள், இருக்கிறது என்றால் என்ன செய்வீர்கள், இல்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கடைசிக் கேள்விதான் அவளைத் திக்கவைத்தது. இருக்கிறது என்றால் என்ன செய்வது என்று பன்னிரண்டு வருஷமாகப் பழகியிருந்தாள். இல்லை என்றால் என்ன செய்வது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மூன்றாவது முறை போனபோது மேஜையில் இரண்டு படிவங்கள் இருந்தன.

"முதல்ல இருக்கறது பரிசோதனைக்கு" என்றார் ஆலோசகர். "ஆறு வாரத்துல பதில் வரும். நீங்க இங்க வரணும், நான் நேர்ல சொல்லுவேன். ரெண்டாவது ஆராய்ச்சிக்கு. அது எல்லாருக்கும் காட்டணும்னு விதி, அதனால வெச்சேன். எண் மட்டும்தான். பதில் உங்களுக்கு வராது. எப்பவுமே வராது." சற்று நிறுத்தி, "இப்போ நீங்க யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லைம்மா. அண்ணனைப் பத்தின கவலையும் இல்லை. எடுத்துப் பாத்துடலாம்" என்றார்.

"ஆமாங்க" என்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு படிவங்களையும் முழுக்கப் படித்தாள். அவசரப்படவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கி, இரண்டாவதில் கையெழுத்துப் போட்டாள். முதலாவதை மேஜையின் மறுபக்கம், ஆலோசகரை நோக்கி, நகர்த்தினாள்.

ஆலோசகர் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருடைய இத்தனை வருஷ வேலையில், 'ஏன்' என்று கேட்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். அன்றைக்கு அதை மறந்துவிட்டார்.

"ஏம்மா?"

பக்கத்து அறையில் ரத்தம் எடுத்தார்கள். எடுத்தவர் நரம்பைக் கண்ணால் தேடினார்.  குழாயை நாலு முறை திருப்பிவிட்டு வைக்கப் போனபோதுதான், "எட்டு" என்றாள். அவர் திருப்பி முடித்ததும் கையை நீட்டி வெற்றுச் சீட்டை வாங்கி, படிவத்திலிருந்த ஏழு இலக்க எண்ணை அவர் கண்முன்னாலேயே தன் கையால் எழுதி, குழாயில் நேராக ஒட்டினாள்.

ஆலோசகர் பதிலுக்காக அந்த அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் பஞ்சு குடுங்க" என்றாள் அவள். கையை நீட்டி வைத்து அழுத்திக்கொண்டு, மூன்று நிமிஷம் முழுசாக உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போனாள்.